எம்.ஓ.டி. சோதனையில் தோற்ற பழைய ஃபோக்ஸ்வாகன் வேன்: அறிகுறி வாரியாகப் பழுது நீக்கும் வழிமுறை

ஜெர்மனியில் 1967 முதல் 1979 வரை உற்பத்தியான, நடுவில் பிளவில்லாத வளைந்த முன்கண்ணாடி கொண்ட ஃபோக்ஸ்வாகன் டைப் 2 வேன், பிரிட்டனில் வண்டிகளின் சாலைத்தகுதியை ஆண்டுதோறும் பார்க்கும் எம்.ஓ.டி. சோதனையில் தோற்றால், முடிவுத் தாளில் வரும் குறைகள் பெரும்பாலும் அதே ஏழெட்டுதான். 1973ஆம் ஆண்டு வண்டி ஒன்றையும், அதே வயதுடைய நண்பர்களின் வண்டிகளையும் பல ஆண்டுகளாகச் சோதனைக்கு ஆயத்தப்படுத்தி வந்ததில், எந்த வரி வந்தால் எங்கிருந்து தேடத் தொடங்க வேண்டும் என்பது எனக்கு ஓரளவு பிடிபட்டிருக்கிறது. அந்த வரிசையையே இங்கே எழுதுகிறேன். எளிய காரணம் முதலில் வரும். செலவு மிகுந்த காரணம் கடைசியில் வரும்.

உற்பத்தியாகி 40 ஆண்டுகள் கடந்து, கடந்த 30 ஆண்டுகளில் பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத வண்டிகளுக்கு 2018 மே 20 முதல் இச்சோதனை கட்டாயமில்லை. ஆயினும் ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. உருளைகளின் மேல் ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக் விசையையும் தனித்தனியே அளக்கும் வசதி வீட்டில் யாரிடமும் இல்லை.

தோல்வித் தாளைப் படிக்கும் முறை

தாளில் குறைகள் 'அபாயகரமானவை', 'பெரியவை', 'சிறியவை' என்று பிரிக்கப்பட்டிருக்கும். அவற்றுக்குக் கீழே 'அறிவுரை' வரிகள் இருக்கும். முதல் இரண்டில் ஒன்று இருந்தாலும் வண்டி தோற்றதாகும். அபாயகரமானது என்று குறிக்கப்பட்ட வண்டியை அங்கிருந்து ஓட்டி வரக் கூடாது. ஏற்றி வர வேண்டும்.

'நியர்சைடு' என்பது நடைபாதைப் பக்கம், அதாவது இடப்பக்கம். 'ஆஃப்சைடு' என்பது வலப்பக்கம். ஐரோப்பாவிலிருந்து வந்த, இடப்பக்கம் ஸ்டியரிங் உள்ள வண்டிகளில் இதை ஓட்டுநர் பக்கம் என்று தவறாகப் புரிந்துகொண்டு நல்ல பக்கத்தைப் பிரித்துப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சோதனையாளர் தாம் கண்டதை மட்டுமே எழுதுகிறார். காரணத்தைக் கண்டறிவது அவர் வேலையன்று. பகுதிகளைக் கழற்றிப் பார்க்கவும் அவருக்கு அனுமதியில்லை. ஆகவே தாளில் 'பிரேக் சமமின்மை' என்று இருப்பதை 'காலிப்பர் (டிஸ்க் பிரேக்கின் பேடுகளை அழுத்தும் பகுதி) போய்விட்டது' என்று நாமே மொழிபெயர்த்துக்கொண்டு உதிரிபாகம் வாங்கப் போகக் கூடாது. வண்டியின் பதிவெண்ணைக் கொண்டு 2005 முதலான பழைய முடிவுகளை அரசின் இணையதளத்தில் பார்க்கலாம். மூன்று ஆண்டுகளுக்கு முன் அறிவுரையாக வந்த ஒரு வரி இப்போது தோல்வியாக மாறியிருந்தால், அது மெதுவாக வளர்ந்த பழுது என்பது தெளிவாகும். சென்ற ஆண்டு சுவடே இல்லாமல் இருந்தது இன்று வந்திருந்தால், அண்மையில் எதையாவது கழற்றி மாட்டினோமா என்று முதலில் யோசிக்க வேண்டும்.

தாளில் எத்தனை வரிகள் இருந்தாலும் துரு பற்றிய வரியை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். வெல்டிங் வேலையின் அளவு தெரியாமல் பிரேக்குக்கும் எஞ்சினுக்கும் பணம் செலவழித்துவிட்டு, பிறகு அடித்தளமே போய்விட்டது என்று அறிவது மிகவும் வருத்தமான நிலை.

அறிகுறி 1: 'துரு, பொருத்துமிடத்திலிருந்து 30 செ.மீ.க்குள்'

சஸ்பென்ஷன், ஸ்டியரிங், பிரேக், சீட்பெல்ட் ஆகியவை உடலோடு இணையும் இடங்களைச் சுற்றி 30 செ.மீ. தூரத்துக்குள் உலோகம் வலுவிழந்திருந்தால் தோல்வி. இந்த வேனுக்குத் தனிச் சட்டகம் கிடையாது. அடியில் ஓடும் நீள உத்திரங்கள், அவற்றிலிருந்து பக்கவாட்டில் நீளும் தாங்கிகள், கதவுக்குக் கீழே ஓரம் நெடுக மூன்று தகடுகளாக அமைந்த 'சில்' என்ற விளிம்பு ஆகிய அனைத்தும் ஒன்றாக வெல்டு செய்யப்பட்டே பாரத்தைச் சுமக்கின்றன. எனவே ஓரத்து ஓட்டையை வெறும் அழகுக் குறையாக எண்ண இயலாது.

மேற்பரப்புத் துரு மட்டுமா என்று பாருங்கள். கம்பித் தூரிகையால் தேய்த்தபின் கெட்டியான தகடு வெளிப்பட்டால் துரு தடுக்கும் பூச்சும் அடிப்பூச்சும் போதும். சிறு சுத்தியலின் பின்முனையால் மெல்லத் தட்டும்போது கணீரென்ற ஒலி வந்தால் தகடு நன்றாக இருக்கிறது. மந்தமான ஒலி வந்தாலோ பொடி உதிர்ந்தாலோ உள்ளிருந்து அரித்திருக்கிறது.

தட்டும்போது ஒலி மந்தமாகவும் மேற்பரப்பு வழவழப்பாகவும் இருந்தால் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் அங்கே பட்டி பார்த்து மூடியிருக்கிறார்கள். பட்டியும் கண்ணாடியிழையும் பாரம் தாங்கும் இடத்தில் பழுதுபார்ப்பாக ஏற்கப்படுவதில்லை. அவற்றைச் சுரண்டி எடுத்துவிட்டு நல்ல உலோகம் எங்கே தொடங்குகிறது என்று பார்த்தே தீர வேண்டும்.

தேட வேண்டிய இடங்களை, நான் கண்ட அடிக்கடித் தன்மையின் வரிசையில் சொல்கிறேன்: ஜாக் வைக்கும் இடங்களும் அவற்றைத் தாங்கும் குறுக்குத் துண்டுகளும், சில்லின் கீழ் விளிம்பு, ஓட்டுநர் அறையின் படிக்கட்டும் அதன் அடித்தளமும், எஞ்சின் அறையில் பேட்டரி உட்காரும் தட்டு, பின் சக்கர வளைவுகள், முன்கண்ணாடியின் கீழ்ச் சட்டம். கடைசியாகச் சொன்ன இடத்திலிருந்து ஒழுகும் நீர்தான் பல வண்டிகளில் ஓட்டுநர் அறைத் தரையை அரிக்கிறது. ஆகவே தரையை வெல்டு செய்தபின் கண்ணாடி ரப்பரைக் கவனிக்காமல் விட்டால் சில குளிர்காலங்களில் அதே வரி மீண்டும் வரும்.

பக்கவாட்டு நழுவுக் கதவு மேலேயோ கீழேயோ உரசத் தொடங்கியிருந்தால் முதலில் கதவின் உருளைகளையும் தண்டவாளத்தையும் பாருங்கள். அவை நன்றாக இருந்தும் இடைவெளி மேலும் கீழும் வேறுபட்டால் உடல் தொய்ந்திருக்க வாய்ப்புண்டு; இதைத் தாளில் யாரும் எழுத மாட்டார்கள், ஆனால் சில்லின் நிலையைச் சொல்லும் நம்பகமான அடையாளம் இதுவே.

தொழில்முறை வெல்டரை அழைக்க வேண்டிய இடம்: ஓட்டை ஒன்றுக்கு மேற்பட்ட தகடுகளைக் கடந்திருந்தால்; சில்லை முழுதாக வெட்ட வேண்டியிருந்தால், ஏனெனில் உள்ளே தாங்கு கம்பிகள் கொடுக்காமல் வெட்டினால் கதவு வாய் மூடிக்கொள்ளும்; எரிபொருள் தொட்டிக்கு அருகில் தீ பட வேண்டியிருந்தால். தொட்டி எஞ்சினுக்கு முன்னால், மெல்லிய தகட்டுத் தடுப்புக்கு அப்பால் இருக்கிறது. தொட்டியை இறக்காமல் அந்தப் பகுதியில் வெல்டு செய்ய ஒப்புக்கொள்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். முன் அச்சுக் குழாயே அரித்திருந்தால் அதன்மேல் ஒட்டுப் போடுவதற்குப் பதில் வேறு அச்சு மாற்றுவதே நான் ஏற்கும் தீர்வு.

அறிகுறி 2: 'ஒரே அச்சில் பிரேக் சமமின்மை'

ஒரே அச்சின் இரு சக்கரங்களில் ஒன்றின் விசை மற்றதன் விசையில் 70 விழுக்காட்டுக்குக் குறைந்தால் வண்டி தோற்கும். ஓட்டும்போது பிரேக் மிதித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்; விசை மிகுந்த சக்கரத்தின் பக்கமே இழுக்கும் என்பதால் பழுது பெரும்பாலும் எதிர்ப்பக்கத்தில் இருக்கும்.

டயர்களின் காற்றழுத்தத்தைச் சரிசெய்துவிட்டு மீண்டும் ஓட்டிப் பாருங்கள். அதன்பின் பல மாதங்கள் நின்றிருந்த வண்டியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நின்ற வண்டியின் டிஸ்கிலும் டிரம்மிலும் படியும் துரு, பத்துப் பதினைந்து முறை உறுதியாக மிதித்து நிறுத்தினாலே தேய்ந்து போய், அளவு சமப்படுவதுண்டு. சோதனைக்கு முந்தைய நாள் இதை மட்டும் செய்து தேறிய வண்டிகள் உண்டு.

முன்புறம் டிரம் உள்ள வண்டி என்றால்

1970 ஆகஸ்டுக்கு முன் வந்த வண்டிகளின் முன் சக்கரங்களில் டிரம் இருக்கும். ஒவ்வொரு சக்கரத்திலும், டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் ஷூக்களின் இடைவெளியைச் சரிசெய்ய, இரண்டு நட்சத்திரச் சக்கர அமைப்பான்கள் உண்டு. இரண்டில் ஒன்றை மட்டும் திருகிவிட்டு வேலை முடிந்ததென்று நினைப்பது வழக்கமான தவறு. சக்கரம் பிடித்துக்கொள்ளும் வரை ஒன்றைத் திருகி, மூன்று நான்கு பற்கள் பின்வாங்கி, பிறகு அடுத்ததையும் அவ்வாறே செய்ய வேண்டும். இடையில் பிரேக்கை ஒருமுறை மிதித்து ஷூக்களை நடுவில் உட்கார வைக்க வேண்டும். அமைப்பான் துருப்பிடித்து அசையாவிட்டால் சமமின்மையின் காரணம் அங்கேயே கிடைத்துவிட்டது.

முன்புறம் டிஸ்க் உள்ள வண்டி என்றால்

சக்கரத்தைத் தூக்கி, மிதித்து, விட்டு, கையால் சுற்றிப் பாருங்கள். விட்டபின்னும் சக்கரம் பிடித்துக்கொண்டிருந்தால் காலிப்பரைக் குற்றம் சாட்டுவதற்கு முன் கீழ்க்காணும் சோதனையைச் செய்தாக வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணமிருக்கிறது: என் வண்டி முதன்முறை சமமின்மையில் தோற்றபோது காலிப்பரை மாற்றினேன், மறுசோதனையிலும் தோற்றது; மறுபக்கத்துக் காலிப்பரையும் மாற்றினேன், மீண்டும் தோற்றது. உண்மையான பழுது, வெளியில் ஒரு கீறல்கூட இல்லாத பழைய ரப்பர் குழாயில் இருந்தது. உட்சுவர் ஊதி ஒரு வழி வால்வைப் போல மாறி, மிதிக்கும்போது எண்ணெயை உள்ளே விட்டு, விடும்போது திரும்ப விடாமல் தடுத்துக்கொண்டிருந்தது.

சோதனை இதுதான். சக்கரம் பிடித்த நிலையில் ஏர் எடுக்கும் (பிரேக் எண்ணெயிலுள்ள காற்றை வெளியேற்றும்) நிப்பிளைச் சிறிது தளர்த்துங்கள்.

சக்கரம் விடுபடவில்லை என்றால் சிக்கல் இயந்திரப் பகுதியில் இருக்கிறது: காலிப்பர் பிஸ்டன் துருப்பிடித்திருக்கிறது, அல்லது பேட் அதன் இருக்கையில் இறுகியிருக்கிறது. முதலில் பேடைக் கழற்றிச் சுத்தம் செய்து பாருங்கள்.

சக்கரம் விடுபட்டது என்றால் அழுத்தம் உள்ளே சிறைப்பட்டிருந்தது. நிப்பிளை மூடி, மீண்டும் மிதித்துப் பிடிக்க வைத்து, இப்போது ரப்பர் குழாயின் மேல்முனையில், உலோகக் குழாயோடு சேரும் இணைப்பைத் தளர்த்துங்கள். இங்கே தளர்த்தியும் சக்கரம் விடவில்லை, நிப்பிளில்தான் விடுகிறது என்றால் ரப்பர் குழாய்தான் காரணம். மேலே தளர்த்தியவுடனே விட்டுவிட்டால் தடை அதற்கும் மேலே இருக்கிறது. மிதியின் விசையை எண்ணெய் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனுக்கும் மிதியின் தள்ளுகோலுக்கும் இடையே சுமார் 1 மி.மீ. இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். அந்த இடைவெளி இல்லாவிட்டால் எண்ணெய் திரும்பும் துளை மூடியே கிடக்கும்.

ரப்பர் குழாய்களை மாற்றினால் இரு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். சோதனை முடிந்ததும் தளர்த்திய இணைப்புகளை இறுக்கி, புதிய பிரேக் எண்ணெய் ஊற்றி, ஏர் எடுத்து, ஒருவர் மிதியை அழுத்திப் பிடித்திருக்க மற்றொருவர் ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவிக் கசிவில்லை என்று உறுதி செய்த பிறகே வண்டியைச் சாலைக்கு எடுக்க வேண்டும்.

லைனிங் நனைந்திருந்தால்

டிரம்மைக் கழற்றியதும் ஷூவின் உராய்வுப் பட்டையான லைனிங் கருத்து ஈரமாக இருந்தால் அது எந்தத் திரவம் என்று கண்டறியுங்கள். மெல்லியதாகவும் பெயின்ட்டை உரிப்பதாகவும் இருந்தால் பிரேக் எண்ணெய், அதாவது வீல் சிலிண்டர் கசிகிறது. கெட்டியாகவும் கந்தக நாற்றமுடனும் இருந்தால் கியர் எண்ணெய். கிரீஸ் என்றால் சக்கர பேரிங்கின் சீல் போயிருக்கிறது. நனைந்த லைனிங்கைப் பெட்ரோலால் கழுவி மீண்டும் மாட்டுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்; சூடேறியதும் ஊறியது வெளிவரும். கசிவை நிறுத்திய பின் இரு பக்க ஷூக்களையும் மாற்ற வேண்டும்.

அழைக்க வேண்டிய இடம்: மிதி மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்கினால், வெளியில் கசிவும் இல்லையென்றால், மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர்கள் தோற்றிருக்கின்றன. பிரேக் வேலையில் பழக்கமில்லாதவர் இதைத் தாமே செய்யக் கூடாது. இரும்புக் குழாய்கள் அரித்திருந்து புதிய குழாய்கள் வளைத்து முனை விரிக்க வேண்டியிருந்தாலும் அவ்வாறே.

அறிகுறி 3: 'கைபிரேக் செயல்திறன் போதாது'

இரட்டைச் சுற்று பிரேக் (எண்ணெய் இரு தனி வழிகளில் செல்லும் அமைப்பு) உள்ள வண்டிக்குக் கைபிரேக் 16 விழுக்காடு திறன் காட்ட வேண்டும். ஒற்றைச் சுற்று உள்ளதற்கு 25 விழுக்காடு. இந்த வரியைப் பார்த்தவுடன் எல்லோரும் கேபிளைத்தான் இழுத்து இறுக்குகிறார்கள். அது தலைகீழான வரிசை. கைபிரேக்கை முழுதும் விட்டுவிட்டு, பின் சக்கர ஷூக்களை நட்சத்திரச் சக்கரங்களால் முதலில் சரிசெய்யுங்கள். பாதிப் பேருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும்.

ஷூ சரியாக இருந்தும் ஒரு சக்கரம் மட்டும் பிடிக்கவில்லை என்றால், வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு ஒருவரைக் கைபிரேக்கை இழுக்கச் சொல்லி இரு கேபிள்களும் சமமாக நகர்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று நகராவிட்டால் அது உறைக்குள் துருப்பிடித்திருக்கிறது. எண்ணெய் விட்டு உயிர்ப்பிக்கும் கேபிள் அடுத்த மழைக்கு மீண்டும் இறுகும் என்பதால் மாற்றிவிடுவதே நல்லது. இரண்டும் நகர்ந்தும் பிடிக்கவில்லை என்றால் டிரம்முக்குள் இருக்கும் நெம்புகோலின் அச்சு இறுகியிருக்கும், அல்லது லைனிங் தேய்ந்திருக்கும். நடு நட்டைக் கழற்றினால் மட்டுமே பின் டிரம் வெளிவரும் வண்டி உங்களுடையது என்றால், அந்த நட்டுக்கு மிகப் பெரிய இறுக்கு விசை தேவை. அதை அளந்து இறுக்கும் கருவி இல்லாதவர் கடைக்குப் போவதே பாதுகாப்பு.

அறிகுறி 4: 'ஸ்டியரிங்கில் மிகையான ஆட்டம்'

ஸ்டியரிங் பெட்டி உள்ள வண்டிகளுக்கு 380 மி.மீ. குறுக்களவுள்ள ஸ்டியரிங் சக்கரத்தின் விளிம்பில் 75 மி.மீ. வரை ஆட்டம் அனுமதிக்கப்படுகிறது. இது தாராளமான எல்லை. இதையும் கடந்த வண்டியை ஓட்டுவது மிகவும் சிரமம். ஆகவே எண்ணை மட்டும் நம்பாமல், நேர்ச்சாலையில் வண்டியை ஓயாமல் திருத்திக்கொண்டே ஓட்ட வேண்டியிருந்தால் இந்தப் பகுதி உங்களுக்குப் பொருந்தும் என்று கொள்ளுங்கள்.

சக்கரங்கள் தரையில் இருக்க, ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் சிறிது அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மற்றவர் ஸ்டியரிங் தண்டிலிருந்து தொடங்கி ஒவ்வொரு இணைப்பிலும் விரல் வைத்து, அசைவு எந்த இடத்தில் காணாமல் போகிறது என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். காணாமல் போகும் இணைப்பே பழுதானது. வரிசை இது: தண்டுக்கும் பெட்டிக்கும் இடையிலுள்ள ரப்பர் வட்டு, பெட்டி, அதன் கை, நீளக் கம்பி, நடு நெம்புகோல், சக்கரங்களைத் திருப்பும் கம்பிகளான டை ராட்களின் முனைகள்.

டை ராட் முனையில் தொலைந்தால் மாற்றுவது எளிது. மாற்றியபின் சக்கரங்களின் உள்நோக்கு அளவைக் கடையில் அளந்து சரிசெய்ய வேண்டும். நடு நெம்புகோலில் தொலைந்தால் முதலில் அதன் நிப்பிளில் கிரீஸ் ஏற்றிப் பாருங்கள்; ஆட்டம் நீடித்தால் புஷ்ஷும் ஊசியும் மாற்ற வேண்டும். முன் அச்சுக் குழாய்களில் நான்கு கிரீஸ் நிப்பிள்கள் இருக்கின்றன. அங்கே கிரீஸ் ஏறும்போது சக்கரங்கள் தரையைத் தொடாதிருக்க வண்டியைத் தூக்கி வைத்துச் செய்வது நல்லது. பாரம் ஏறிய பக்கத்தில் கிரீஸ் நுழைய இடமிருக்காது.

பெட்டியில் தொலைந்தால் அதன் திருகை இறுக்கும் ஆசை வரும். நேர்நிலையில்தான் பெட்டிக்குள் தேய்மானம் மிகுதி என்பதால், நடுவில் ஆட்டம் போகும் அளவுக்கு இறுக்கினால் வளைவில் திருப்பும்போது பிடித்துக்கொள்ளக்கூடும். இறுக்கிய பின் ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பவில்லை என்றால் உடனே பழைய நிலைக்குத் தளர்த்திவிட்டுத் தொழிலாளியிடம் செல்லுங்கள்.

சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் 'கடக்' என்றால்

தூக்கிய சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். இன்னொருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டுங்கள். மிதித்ததும் ஆட்டம் மறைந்தால் அது சக்கர பேரிங். மறையாவிட்டால் பால் ஜாயின்ட், அதாவது சஸ்பென்ஷனின் உருண்டை மூட்டு. முன் பேரிங்கைச் சரிசெய்யும்போது, நட்டுக்கு அடியிலுள்ள வாஷரை ஸ்குரூடிரைவர் நுனியால் சிரமமின்றி நகர்த்த முடிகிற அளவில் நிறுத்த வேண்டும். அதைவிட இறுக்கினால் பேரிங் வெந்துவிடும். இடது முன் சக்கரத்தின் மூடியைக் கழற்றும்போது கவனம் தேவை, ஸ்பீடோமீட்டர் கேபிளின் சதுர முனை அதன் வழியாகத்தான் வருகிறது. பால் ஜாயின்ட் என்றால் அழுத்திப் பொருத்தும் கருவி தேவை. இது கடை வேலை.

அறிகுறி 5: விளக்குகள் மங்கல், மாறி மாறி எரிதல், ஹாரன் ஒலிக்காமை

பிரேக்கை மிதித்தால் இன்டிகேட்டரும் சேர்ந்து மினுக்கினாலோ, பின் விளக்கு மங்கினாலோ பல்பை மாற்றாதீர்கள். எர்த் சரியில்லை. இந்த வண்டிகளில் பழுப்பு நிற வயர்கள் எர்த்துக்கானவை. விளக்குக் கூட்டிலிருந்து அவை உடலில் திருகப்பட்டிருக்கும் இடத்தைக் கழற்றி, பளபளக்கும் வரை தேய்த்து, மீண்டும் இறுக்கினால் பெரும்பாலும் தீரும்.

ஒரு பக்கத்து விளக்குகள் மட்டும் அவ்வப்போது அணைந்தால் ஃபியூஸ் பெட்டியைப் பாருங்கள். இரு முனையும் கூம்பான பழைய ஃபியூஸ்கள் உடையாமலே தொடர்பை இழக்கும். விரலால் சுழற்றிப் பார்க்கும்போது விளக்கு வந்துவிட்டால் பிடிப்பான்களைத் தேய்த்துச் சற்று வளைத்து இறுக்கமாக்குங்கள். வெள்ளை நிறம் 8 ஆம்பியர், சிவப்பு 16 ஆம்பியர். வெள்ளை இருந்த இடத்தில் சிவப்பைப் போடக் கூடாது.

ஹெட்லைட் இரண்டும் ஒருசேர மங்கல் என்றால் எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையிலும் பல்பின் முனையிலும் மின்னழுத்தத்தை அளந்து ஒப்பிடுங்கள். பல்பில் ஒரு வோல்ட்டோ அதற்கு மேலோ குறைந்தால் ஐம்பதாண்டுப் பழமையான சுவிட்சும் வயரும் அதை விழுங்குகின்றன. ரிலே வைத்து, பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸ் வழியாக நேரடி வயர் கொடுப்பது நிலையான தீர்வு.

பிரேக் விளக்கு எரியாவிட்டால் மாஸ்டர் சிலிண்டரில் திருகப்பட்டுள்ள அழுத்த சுவிட்சின் இரு வயர்களையும் கழற்றி ஒன்றோடொன்று தொட வையுங்கள். எரிந்தால் சுவிட்ச் போய்விட்டது.

ஹாரன் ஒலிக்காத வரி, ஸ்டியரிங் வேலை செய்த அடுத்த சோதனையில் பலருக்கு வந்திருக்கிறது. ஹாரனின் எர்த் ஸ்டியரிங் தண்டு வழியாகச் செல்கிறது. நடுவிலுள்ள ரப்பர் வட்டு மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் அதைத் தாண்டிச் செல்லச் சிறிய வயர் ஒன்று இருக்கும். வட்டை மாற்றியவர் அதை மாட்ட மறந்திருப்பார்.

அறிகுறி 6: புகை வரம்பு மீறல்

1975 ஆகஸ்ட் 1க்கு முன் பயன்பாட்டுக்கு வந்த வண்டிகளுக்குப் புகை கண்ணால் மட்டுமே பார்க்கப்படும். அதன்பின் வந்தவற்றுக்கு கார்பன் மோனாக்சைடு 4.5 விழுக்காட்டையும் ஹைட்ரோகார்பன் 1200 பி.பி.எம்.மையும் தாண்டக் கூடாது.

கார்பன் மோனாக்சைடு மட்டும் மிகுதி என்றால் கலவையில் பெட்ரோல் அதிகம். எஞ்சின் நன்கு சூடான நிலையில் அளந்தார்களா என்று கேளுங்கள். தானியங்கி சோக்கின் வயர் கழன்றிருந்தால் சோக் திறக்காமலே இருக்கும். முதலில் பார்க்க வேண்டியது அதுவே. அடுத்து ஏர் ஃபில்டர், அதன்பின் கார்புரேட்டரின் மிதவை ஊசி.

ஹைட்ரோகார்பன் மிகுதி என்றால் பெட்ரோல் எரியாமல் வெளியேறுகிறது. பிளக், பாயின்ட் (பற்றவைப்பு மின்சாரத்தைத் துண்டிக்கும் தொடர்பு முனைகள்), பற்றவைப்பு நேரம் ஆகியவற்றைச் சரிபார்த்த பின் வால்வு இடைவெளிக்குச் செல்லுங்கள். 1600 சி.சி. எஞ்சினில் முழுதும் குளிர்ந்த நிலையில் 0.15 மி.மீ. இடைவெளி வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் அளவு இறங்கவில்லை என்றால் நான்கு சிலிண்டர்களின் அழுத்தத்தையும் அளக்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அது எஞ்சினைப் பிரிக்க வேண்டிய வேலை.

வேனுக்குள் புகை நாற்றம் அடித்தால் இந்த வரிசையை விட்டுவிடுங்கள். இந்த எஞ்சின்களில் வெப்பமூட்டும் காற்று சைலன்சரை ஒட்டிய வெப்பப் பெட்டிகள் வழியாக வருகிறது. உட்குழாய் ஓட்டையானால் நச்சுப் புகை நேரே அறைக்குள் வரும். ஹீட்டரை மூடி, சன்னல்களைத் திறந்து, வெப்பப் பெட்டியை மாற்றும் வரை அந்த வண்டியில் யாரையும் ஏற்றாதீர்கள்.

அறிகுறி 7: பெட்ரோல் கசிவு

இதற்குக் கிளைகள் இல்லை. எஞ்சினை இயக்க வேண்டாம். பேட்டரியின் எர்த் முனையைக் கழற்றுங்கள். எஞ்சின் அறைக்குள் உள்ள எல்லா ரப்பர் குழாய்களையும், கசிவது ஒன்றே ஆனாலும், இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் தரத்துக் குழாய்களாக மாற்றி, ஒவ்வொரு முனையிலும் கிளிப் போடுங்கள். கார்புரேட்டரில் பெட்ரோல் நுழையும் பித்தளைக் குழல் கையால் ஆட்டினால் அசைகிறதா என்று பாருங்கள். ஓடும்போது அது கழன்று வந்தால் பெட்ரோல் சூடான எஞ்சின் மேல் கொட்டும். காற்றால் குளிரும் ஃபோக்ஸ்வாகன்கள் தீக்கிரையாவதற்கு இந்தப் பழைய குழாய்கள் நன்கு அறியப்பட்ட காரணம். தொட்டியின் வெளியேறும் முனையிலேயே கசிந்தால் எஞ்சினை இறக்க வேண்டியிருக்கும், தொழிலாளியை அழையுங்கள்.

அறிகுறி 8: டயர், கண்ணாடி, வைப்பர்

டயரின் அகலத்தில் நடு முக்கால் பங்கில் 1.6 மி.மீ. ஆழம் வேண்டும். இந்த வேன்கள் ஆண்டுக்குக் குறைவாகவே ஓடுவதால் டயர்கள் தேய்வதற்கு முன் வெடிப்பு விடுகின்றன. பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணின் முதல் இரண்டு வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் குறிக்கும். அளவு பொருந்துகிறது என்பதற்காகக் கார் டயர்களைப் போட்டிருந்தால் அவற்றை அகற்றுங்கள். பாரம் தாங்கும் வலுவூட்டிய வேன் டயர்களே இதற்குரியவை.

முன்கண்ணாடியில் ஸ்டியரிங் சக்கரத்தின் நடுவை மையமாகக் கொண்ட 290 மி.மீ. அகலப் பட்டையில் 10 மி.மீ.க்கு மேற்பட்ட சேதமும், வைப்பர் துடைக்கும் மற்றப் பகுதியில் 40 மி.மீ.க்கு மேற்பட்ட சேதமும் தோல்வியாகும். கண்ணாடிக்குத் தண்ணீர் வராவிட்டால் மோட்டாரைத் தேட வேண்டாம். இவற்றில் பலவற்றில் தண்ணீர்க் குடுவை காற்றழுத்தத்தால் இயங்குவது. டயருக்கு இருப்பது போன்ற வால்வில் காற்றடித்தாலே போதும்.

மறுசோதனைக்குக் கொண்டுபோகும்போது

பத்து வேலை நாட்களுக்குள் அதே இடத்துக்குக் கொண்டுபோனால் தோற்ற பகுதிகளை மட்டும் சோதிக்கும் பகுதி மறுசோதனை கிடைக்கும். வெல்டு செய்த இடத்தின் மேல் உடனே கருப்புப் பூச்சை அடித்து மறைக்காதீர்கள். சோதனையாளர் வெல்டிங் ஓட்டத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். பூச்சைச் சோதனை முடிந்த அன்று மாலையே அடித்துவிடுங்கள்.